நான்குக்குப் பில், மாற்றியது இரண்டு

பழைய கப் கேடட் தோட்ட டிராக்டர் வைத்திருக்கும் அமெரிக்காவாழ் நம்மவர்கள், வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஒஹாயோவில் நான் ஏமாந்தது மாதிரி வேறு யாரும் ஏமாறக் கூடாது.

என்னுடையது 1450 மாடல். 14 குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர் கோலர் என்ஜின். 1974இல் வரத் தொடங்கிய 'கொயட் லைன்' வரிசை இது. அதிர்வு குறையட்டும் என்று இதில் என்ஜினைச் சட்டத்தோடு நேரடியாகப் பூட்டாமல் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார வைத்தார்கள். அந்த ரப்பர் வருடக்கணக்கில் அமுங்கி, வெடித்து, இரும்பை விட்டுப் பிரிந்துவிடும். ஆயில் கசிந்தால் ஊறி இளகியும் போகும். அப்புறம் என்ஜின் தாழும். பின்னால் போகும் டிரைவ் ஷாஃப்ட் நேராக நிற்காது. ஷாஃப்டை இணைக்கும் கப்ளிங் தேயத் தொடங்கும்.

நான்கு மவுண்டிங்கும் போய்விட்டது என்று அந்தக் கடைக்காரர்தான் சொன்னார். நானும் நம்பி மாற்றச் சொன்னேன். கூலியும் சேர்த்து 380 டாலர். பில்லில் நான்கு என்று தெளிவாக எழுதியிருந்தது. மூன்று வாரம் புல் வெட்டியிருப்பேன், மறுபடியும் அதே ஆட்டம், சட்டத்தில் ஏதோ இடிக்கும் சத்தம். பக்கத் தகடுகளைக் கழற்றிப் பார்த்தேன். முன்னால் இரண்டுதான் புதுசு. பின்னால் இருந்தவை வெடித்த பழைய ரப்பர்; மேலே கறுப்பு பெயின்ட் அடித்து, அமுங்கிய உயரத்துக்கு அடியில் வாஷர் கொடுத்திருந்தார்கள். பெயின்டை நகத்தால் சுரண்டினால் விரிசல் தெரிகிறது.

எனக்கு ஆத்திரம் பணத்துக்காக மட்டும் இல்லை. பாதி புதுசு, பாதி பழசு என்று வைத்தால் என்ஜின் சாய்ந்தேதான் உட்காரும். கப்ளிங்கில் உருண்டையாக இருந்த ஓட்டை இப்போது நீண்டுவிட்டது. சும்மா விட்டிருந்தால்கூட இவ்வளவு சீக்கிரம் கெட்டிருக்காது என்றே நினைக்கிறேன். திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். "பழைய வண்டி, இவ்வளவுதான் வரும்" என்றார்கள். கழற்றிய மவுண்டிங்குகளைக் கேட்டேன், குப்பையில் போட்டாயிற்றாம்.

வண்டியை விடும் முன் ஒவ்வொரு மவுண்டிங்கிலும் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வையுங்கள், போட்டோவும் எடுங்கள். கழற்றிய நான்கையும் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். நீங்களே சோதிக்கலாம், கஷ்டமில்லை. சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் ஒயரையும் கழற்றிவிடுங்கள். என்ஜின் உட்கார்ந்திருக்கும் ரெயிலுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துக் கடப்பாரையால் லேசாக நெம்பினால், ரப்பர் இரும்போடு ஒட்டி வருகிறதா, வாய் பிளக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆயில் கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் புது ரப்பரும் ஊறும்.

என் வண்டி இப்போது கராஜில் என்ஜின் இறக்கி நிற்கிறது. பெயின்ட் பூசிய அந்த இரண்டு மவுண்டிங்கையும் பில்லோடு பையில் போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் வந்தால் காட்டுகிறேன்.