95,000 ரூபாவுக்கு ஒரு சான்றிதழ்: ஆகஸ்டில் பிள்ளையை அனுப்ப இருப்பவர்கள் பார்க்கவும்

ஆகஸ்ட் விடுமுறைக்கு நுவரெலியாவில் அந்த 'சம்மர் ஸ்கூல்' மறுபடியும் நடக்கப் போகிறதாம். போன கிழமை ஒரு டியூஷன் மாஸ்டர் அதன் நோட்டிசை 100 கொப்பி எடுக்க ஹட்டனில் இருக்கும் என் கடைக்கே கொண்டுவந்தார். ஏப்ரலில் என் மகள் போன அதே இடம், அதே படங்கள். கட்டணம் மட்டும் ஏறியிருக்கிறது. பெயரை இங்கே போடவில்லை, முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். கீழே உள்ளதைப் படித்துவிட்டு நோட்டிசைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

மகளுக்குப் பதினாறு வயது. ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். மெய்யியல், அரசியல், பொருளியல் மூன்றும் சேர்ந்த பாடநெறி, எட்டு நாள் தங்கிப் படிப்பது, 'ஒக்ஸ்ஃபர்ட் முறைக் கற்பித்தல்' என்று நோட்டிசில் இருந்தது. பின்னணியில் பழைய கோபுரமும் புல்வெளியும். கட்டணம் 95,000 ரூபா. சீட்டுக் காசு கையில் இருந்தது, மிச்சத்துக்கு மனைவியின் கைச்சங்கிலியை அடகு வைத்தோம். "மூன்று பாடமும் ஒரே இடத்தில் வேறெங்கே கிடைக்கும்" என்று வீட்டில் பெரிதாகப் பேசியது நான்தான். அந்த மடத்தனத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தங்குமிடம். ஏப்ரல் என்றால் நுவரெலியாவில் சீசன். கொழும்பிலிருந்து வருகிற கூட்டத்துக்கு அறை வாடகை இரண்டு மூன்று மடங்கு ஏறும். நோட்டிசில் காட்டிய முன்பக்க அறைகளில் வேறு குடும்பங்கள் தங்கியிருந்தன. பிள்ளைகளைப் பின்னால் இருந்த அனெக்ஸில் போட்டார்கள், நான்கு பேர் படுக்கக்கூடிய அறையில் ஒன்பது பெண் பிள்ளைகள். அந்தக் குளிருக்கு இரண்டு பேருக்கு ஒரு போர்வை. கீசர் வேலை செய்யவில்லை. மூன்று வேளையில் இரண்டு வேளை பாணும் பருப்பும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், நாமும் லயத்தில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இருந்த மிஸ் மூன்றாம் நாள் ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஐந்து இரவு அந்தக் கட்டடத்தில் பெரிய பெண்கள் ஒருவரும் இல்லை. மகள் இதை வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள். அங்கிருந்தே சொல்லியிருந்தால் அன்றிரவே வேன் பிடித்துப் போயிருப்பேன்.

இனிப் படிப்பு. 42 பிள்ளைகள், இரண்டு 'டியூட்டர்'கள். இருவரும் பல்கலைக்கழக இரண்டாம் வருட மாணவர்கள். நல்ல பையன்கள்தான், அவர்களுக்கும் பேசிய காசு முழுதாகக் கொடுக்கவில்லையாம். ஒக்ஸ்ஃபர்ட்டில் படித்தவர் என்று நோட்டிசில் போட்டிருந்த பெரிய சேர், மூன்றாம் நாள் சூமில் நாற்பது நிமிடம் வந்தார். பாதி நேரம் லைன் கட்டாகிவிட்டது. அவர் அங்கே படித்தது என்ன என்று பிறகு விசாரித்தேன். விடுமுறையில் அந்த நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஒரு தனியார் கம்பனி அறை எடுத்து நடத்திய இரண்டு வார கோர்ஸ். அப்படிப் பல கம்பனிகள் நடத்துகின்றன, அது தப்பில்லை. ஆனால் அதற்கும் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கும் சம்பந்தம் கிடையாது. அந்த மூன்று பாடத்தையும் சேர்த்த பட்டப்படிப்பு ஒக்ஸ்ஃபர்ட்டில் 1920இல் தொடங்கியது, மூன்று வருடம். அங்கே 'டியூட்டோரியல்' என்பது இரண்டு மூன்று மாணவர்கள் ஓர் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து, தாங்கள் எழுதிய கட்டுரைக்காக வாதாடுவது. இங்கே 42 பேர் ஒரு ஹோலில் இருந்து யூடியூப் பார்த்தார்கள்.

மகளின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். எட்டு நாளில் பதினொரு பக்கம். இரண்டாம் நாள் மெய்யியல்: பிரேக் இல்லாத டிராம் வண்டி, ஒரு தண்டவாளத்தில் ஐந்து பேர், மற்றதில் ஒருவர், எந்தப் பக்கம் திருப்புவது? 1967இல் பிலிப்பா ஃபுட் எழுதியது. அந்த அம்மா அப்போது ஒக்ஸ்ஃபர்ட்டில்தான் கற்பித்துக்கொண்டிருந்தார். ஆகவே அந்த எட்டு நாளில் நிஜமாகவே ஒக்ஸ்ஃபர்ட்டிலிருந்து வந்த சரக்கு அது ஒன்றுதான். வீடியோ முடிந்ததும் கை உயர்த்தச் சொன்னார்களாம். எண்ணினார்கள், 31, 11. "குட்" என்று சொல்லி அடுத்த வீடியோ. அந்த ஒருவர் யாராக இருந்தால் பதில் மாறும் என்று மகள் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள். கேட்டாளாம், "டைம் இல்லை."

ஐந்தாம் நாள் பொருளியல். கேள்வி, நிரம்பல், இரண்டு கோடு வெட்டுகிற படம், உதாரணத்துக்கு ஆப்பிள். ஜன்னலுக்குக் கீழே தேயிலை மலை, கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறார்கள்! தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவானது, 2024இல் 1,350. சம்பளத்தைக் கூட்டினால் கம்பனி வேலை நாளைக் குறைக்குமா, ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்துக் கிலோவைக் கூட்டுமா? இதைக் கேட்டது என் மகள் இல்லை, தலவாக்கலைப் பக்கத்துப் பையன் ஒருவன். "லோக்கல் பொலிட்டிக்ஸ் வேண்டாம்" என்று உட்கார வைத்துவிட்டார்களாம். இது பொருளியல் இல்லையென்றால் வேறு எது பொருளியல்?

அரசியல் அதைவிட மோசம். இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் இரண்டு சபைகள், ஒன்றரைப் பக்கம். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் பற்றி ஒரு வரி இல்லை. என் அப்பாயி 1947 தேர்தலில் வாக்குப் போட்டவர், 1952இல் பட்டியலில் பெயரே இல்லை. அதைப் பேசாமல் நுவரெலியாவில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு என்ன அரசியல் சொல்லிக்கொடுப்பது?

கடைசி நாள் சான்றிதழ். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. நான் கொமினிகேஷன் கடைக்காரன், கடதாசி தெரியும். சாதாரண ஐவரி போர்ட், லேசர் பிரிண்ட். மேலே இருந்த முத்திரை இணையத்தில் இறக்கியது, ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி உடைந்து தெரிகிறது. மகளின் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம்.

காசைக் கேட்டுப் போன் எடுத்தேன். முதலில் "அண்ணன், பேசுவோம்" என்றார்கள். அடுத்த தடவை, பணம் திருப்பித் தரப்படாது என்று படிவத்தின் பின்பக்கம் இருக்கிறது, கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே என்றார்கள். உண்மைதான், பின்பக்கத்தை நான் பார்க்கவில்லை. பிறகு வட்ஸ்அப்பில் பிளொக். 42 பேர் 95,000 என்றால் கிட்டத்தட்ட 40 லட்சம். கணக்குப் போட்டுப் பார்த்த அன்று தூக்கம் வரவில்லை.

இப்போது அந்த மடத்தனம். ஏ.எல். கலைப்பிரிவில் அரசறிவியல், பொருளியல், மெய்யியலோடு சேர்ந்த அளவையியல் (தர்க்கம்) மூன்றையும் தமிழிலேயே எடுக்கலாம். கட்டணம் இல்லை. மூன்றுக்கும் ஆசிரியர் இருக்கிற பாடசாலைகள் நம் பக்கம் குறைவு, அது வேறு சண்டை. மெய்யியல் படிக்கப் பேராதனை இருக்கிறது, யாழ்ப்பாணம் இருக்கிறது. நான் பார்த்தது கோபுரப் படத்தை.

இந்த மாதிரி கோர்ஸ் எல்லாமே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. நல்ல ஆசிரியர் ஒருவர் பத்துப் பிள்ளைகளோடு எட்டு நாள் இருந்தால் நிறையச் செய்யலாம். காசு கட்டுவதற்கு முன்னால், பாடம் எடுக்கப் போகிறவரோடு நேரே பேசக் கேளுங்கள். பிள்ளை எத்தனை கட்டுரை எழுதும், அதை யார் திருத்துவார் என்று கேளுங்கள். இரவில் பொறுப்பாக இருப்பது யார், அவருடைய நம்பர் என்ன? தங்கும் அறையைப் போய்ப் பாருங்கள், ஹட்டனிலிருந்து நுவரெலியா ஒன்றும் தூரம் இல்லை. படிவத்தின் பின்பக்கத்தையும் வாசித்துவிடுங்கள்.

ஏற்கனவே கட்டிவிட்டீர்கள் என்றால் பேங்க் ஸ்லிப்பையும் நோட்டிசையும் எறிய வேண்டாம், வட்ஸ்அப் செய்திகளைப் படம் எடுத்து வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. பிள்ளைகளின் பாதுகாப்பு விஷயம் என்றால் 1929. நான் இரண்டுக்கும் சொல்லியிருக்கிறேன், மத்தியஸ்த சபைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காசு இன்னும் வரவில்லை. ஏப்ரலில் போன பிள்ளைகளின் பெற்றோர் ஆறு பேர் இதுவரை சேர்ந்திருக்கிறோம். மற்றவர்களும் கடைக்கு வாருங்கள், கடிதத்தின் மாதிரி கம்பியூட்டரில் இருக்கிறது, பெயரை மாற்றினால் போதும். கொப்பிக்குக் காசு வேண்டாம்.