டைகர் மாத் 1/48: கட்டி முடித்து மூன்று வருஷம் கழித்து

பிளாஸ்டிக் மாடல் கிட்களைப் பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் பெட்டியைத் திறந்த அன்றோ, பெயின்ட் காய்ந்த வாரத்திலோ எழுதப்படுபவை. அந்தச் சமயத்தில் எந்த மாடலும் அழகாகத்தான் இருக்கும். மேலும் கீழுமாக இரண்டு இறக்கை கொண்ட பழைய விமானங்களுக்கு உண்மையான பரீட்சை அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. சென்னையில், கடல் காற்று படுகிற ஒரு வீட்டின் அலமாரியில் என் டைகர் மாத் மூன்று வருஷத்துக்கு மேல் நிற்கிறது. கோடை, ஐப்பசி மழை, ஏசி போட்டு அணைக்கிற அறை, பல்லி, தூசி எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. கிட் எவ்வளவு துல்லியம் என்பதைவிட, இறக்கைகளுக்கு நடுவே என்ன கம்பி கட்டினோம் என்பதுதான் இத்தனை நாள் கழித்துக் கண்ணில் படுகிறது.

விமானத்தைப் பற்றிக் கொஞ்சம். டி ஹாவிலண்ட் கம்பெனியின் பயிற்சி விமானமான டைகர் மாத் முதலில் பறந்தது 1931 அக்டோபர் 26 அன்று. அதற்கு முன்பிருந்த ஜிப்சி மாத்தைத் திருத்தி உருவாக்கினார்கள். முன் இருக்கையில் உட்காரும் ஆசிரியர் பாராசூட்டோடு வெளியே குதிக்க வேண்டியிருந்தால் மேல் இறக்கையின் நடுப்பகுதி தலைக்கு மேல் குறுக்கே நின்றது. ஆகவே அதை முன்னால் நகர்த்தினார்கள். நகர்த்தியதும் எடைச் சமநிலை கெட்டது. அதைச் சரிக்கட்ட இறக்கைகளைப் பின்பக்கமாகச் சாய்த்தார்கள். மாடல் கட்டுகிறவர்களுக்கு இந்தச் சாய்வுதான் முதல் தலைவலி. மொத்தம் எட்டாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்ட பயிற்சி விமானம் இது. இந்திய விமானப்படையிலும் இங்கிருந்த ஃபிளையிங் கிளப்புகளிலும் ஓடியது. பெங்களூரில் உருவாகி 1951-ல் பறந்த எச்.டி-2 வந்த பிறகுதான் விமானப்படைப் பயிற்சியில் இதற்கு ஓய்வு கிடைத்தது.

கிட் வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியில் 'மாத்' என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. 1932-ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது புஸ் மாத்தில். அது மூடிய கேபினும் ஒற்றை இறக்கையும் கொண்டது. அந்தத் தபாலை பெல்லாரி வழியாக மெட்ராஸ் வரை நெவில் வின்சென்ட் எடுத்துவந்தார். 1936-ல் லாகூரில் சரளா தாக்ரல் புடவை கட்டிக்கொண்டு தனியாக ஓட்டியது ஜிப்சி மாத். இந்த இரண்டு கதைகளையும் மனதில் வைத்துக்கொண்டு டைகர் மாத் வாங்கினால் தப்பான விமானம் கைக்கு வரும்.

சரி, கட்டுகிற விஷயத்துக்கு வருவோம். அசல் விமானம் இறக்கை நுனிக்கு நுனி 8.94 மீட்டர். 1/48 அளவில் அது 18.6 சென்டிமீட்டர். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பாகங்களைப் பொருத்துவதில் பெரிய சிரமம் இல்லை. உடல்பகுதியின் இரண்டு பாதிகளும் டாமியா எக்ஸ்ட்ரா தின் சிமென்ட் என்கிற தண்ணீர் மாதிரியான பசையை ஓடவிட்டாலே கூடிவிட்டன. புட்டி அதிகம் தேவைப்படவில்லை. ஜிப்சி மேஜர் இன்ஜினின் நான்கு சிலிண்டர்களும் தலைகீழாகத் தொங்கும். அதனால் மூக்கு மேலே ஒடுங்கி, கீழே தாடை வைத்த மாதிரி இருக்கும். நான் இன்ஜின் மூடியை ஒட்டிவிட்டேன். திறந்து காட்டுவது அழகுதான், ஆனால் தூசி புகுந்தால் எடுக்கவே முடியாது.

காக்பிட்டில் நேரம் செலவழித்தது வீண் போகவில்லை. திறந்த காக்பிட், பக்கவாட்டில் மடங்கும் சின்னக் கதவுகள். இரண்டையும் திறந்து வைத்தால் இருக்கை, பெல்ட், கடிகாரம் மாதிரி நான்கைந்து மீட்டர் எல்லாம் தெரியும். ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்ள இதில் ரேடியோ கிடையாது. கோஸ்போர்ட் குழாய் என்று ஒரு ரப்பர் குழாய் வழியாகத்தான் கத்த வேண்டும். கிட்டில் இல்லாத அந்தக் குழாயை மெல்லிய ஈயக் கம்பியில் வளைத்து வைத்தேன். வீட்டுக்கு வந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான். இதற்காகத் தனியாக விற்கும் உலோகத் தகடு செட்டுகள் வாங்க வேண்டுமா என்றால், பெல்ட்டுக்கு மட்டும் வாங்குங்கள் என்பேன். பாக்கிக்குக் கிட்டில் இருப்பதே போதும்.

பெயின்ட்டில் என் கருத்து ஒன்றே ஒன்றுதான்: மஞ்சளைச் சாம்பல் பிரைமர் மேல் அடிக்காதீர்கள். போர்க்காலப் பயிற்சி விமானங்களுக்கு மேலே பச்சையும் மண் நிறமும், அடியில் மஞ்சளும் உண்டு. சாம்பல் மேல் மஞ்சள் பச்சை தட்டிப்போய் நிற்கும். அதை மூட நான்கு கோட் அடித்தால் இறக்கைத் துணிக்கு அடியில் விலா எலும்பு மாதிரித் தெரியும் கோடுகள் புதைந்துவிடும். வெளிறிய ரோஸ் நிறத்தை முதலில் மெல்லிசாக அடித்து, அதன் மேல் மஞ்சள் அடித்தால் இரண்டே கோட்டில் சூடான மஞ்சள் வரும். மழைக்காலத்தில் லாக்கர் வகைப் பெயின்ட் அடிக்க வேண்டாம். காற்றின் ஈரம் படிந்து வெள்ளை மூட்டம் போட்டுவிடும். டிகால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள், பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பளபளப்பு வார்னிஷ் மேல் ஒட்டினேன், இன்னும் அப்படியே இருக்கின்றன.

இறக்கையைப் பொருத்தும்போது அவசரம் ஆகாது. மேல் இறக்கையின் நடுவில்தான் பெட்ரோல் டேங்க். அங்கிருந்து உடலுக்கு இறங்கும் நான்கு குட்டைத் தூண்களை முதலில் ஒட்டி, ஒரு ராத்திரி முழுக்க அசையாமல் வைக்க வேண்டும். அப்புறம்தான் வெளியே உள்ள நீளத் தூண்கள். மேல் இறக்கை கீழ் இறக்கைக்கு நேர் மேலே நிற்காமல் கொஞ்சம் முன்தள்ளி நிற்பதால் கண் அளவுக்கு வைத்தால் கட்டாயம் கோணும். தெர்மாகோலில் பள்ளம் வெட்டி ஒரு தாங்கி செய்துகொண்டேன். கம்பி கட்டும் துளைகளை 0.3 மி.மீ. டிரில் பிட்டால் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். இரண்டு இறக்கையும் ஏறிய பிறகு நடுவே கையை நுழைத்துத் துளை போட முயன்றால் தூண் முறியும்.

இனி கம்பிகள். இந்த விமானங்களில் கம்பி அலங்காரத்துக்கு இல்லை. பறக்கும்போது இறக்கையை மேலே தூக்கும் விசையை ஒரு ஜோடி தாங்கும். தரையில் நிற்கும்போது இறக்கையின் எடையை எதிர்த் திசையில் ஓடும் இன்னொரு ஜோடி தாங்கும். அசல் கம்பிகள் உருண்டையாக இருக்காது. காற்றைக் கிழிப்பதற்காகத் தட்டையாகத் தேய்த்த எஃகு. ஐந்தாறு மில்லிமீட்டர் கனமான ஒன்று 1/48-ல் 0.12 மி.மீ. அளவுக்கு வந்துவிடும். தையல் நூலைக் கட்டினால் கப்பல் கயிறு மாதிரி தெரியும்.

எது நிலைக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே வேண்டுமென்றே ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொன்று கட்டினேன். இடது பக்கம் நைலான் தூண்டில் நரம்பு. வலது பக்கம் மாடல்காரர்கள் வாங்கும் ஈஸி லைன் என்கிற எலாஸ்டிக் நூல். வால் பகுதிக்கு, கிட்டில் பாகங்களை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்திச் சூட்டில் இழுத்து எடுத்த பிளாஸ்டிக் இழை. உடலின் பக்கவாட்டில் இருந்து சுக்கானுக்குப் போகும் வெளிக் கேபிளுக்கு, திருப்பூரில் பனியன் துணிக்குப் போடும் லைக்ரா நூல். அது வெள்ளையாகத்தான் வரும். கறுப்பு மார்க்கரால் ஒரு இழுப்பு இழுத்தால் சரி.

முடித்த அன்று நான்கும் ஒரே மாதிரி இருந்தன. சொல்லப்போனால் நைலான்தான் விறைப்பாகவும் நேராகவும் இருந்தது. கொஞ்சம் தளர்ந்த இடத்தில் ஊதுபத்தியின் கங்கை ஒரு விரற்கடை தள்ளிக் காட்டினால் தானாக இழுத்துக்கொண்டது.

முதல் மழைக்காலத்திலேயே இடது பக்கம் தொய்ந்தது. நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும் சாமான். கார்த்திகை வாக்கில் பார்த்தால் மேலிருந்து கீழே வரும் கம்பி நடுவில் லேசாக வயிறு வைத்து நிற்கும். சித்திரை வெயிலில் மறுபடி விறைக்கும். வருஷா வருஷம் இதே கூத்து. ஊதுபத்தி வைத்தியம் ஒரு தடவைதான் பலிக்கும். அடுத்த முறை நரம்பு சுருண்டுவிடுகிறது. நரம்புதான் வேண்டும் என்றால் ஃப்ளூரோகார்பன் நரம்பு பரவாயில்லை, அது தண்ணீர் குடிக்காது. ஆனால் சூப்பர் குளூ அதில் சரியாகப் பிடிக்காது. முனையைக் கொஞ்சம் உப்புத்தாளில் தேய்க்க வேண்டும்.

வலது பக்கத்து எலாஸ்டிக் அன்று கட்டியபடியே இருக்கிறது. தூசி துடைக்கும்போது பிரஷ் தட்டினாலும் வளைந்துவிட்டுத் தன் இடத்துக்கே வந்துவிடும். இதை ரொம்ப இழுத்துக் கட்டக்கூடாது. இடைவெளியைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாக வெட்டினால் போதும். அதற்கு மேல் இழுத்தால் நாளடைவில் முனை பசையிலிருந்து உருவிக்கொள்ளும். இன்னொன்று, இந்த நூல் தட்டையானது. ஒட்டும்போது முறுக்கிக்கொண்டால் வெளிச்சத்தில் ஒரு பக்கம் மின்னி, ஒரு பக்கம் மறைந்து துண்டு துண்டாகத் தெரியும். ஒட்டும் முன் ட்வீசரில் பிடித்து விளக்குக்கு எதிரே ஒரு தடவை பாருங்கள்.

பிளாஸ்டிக் இழை நேராக நிற்கும், ஈரத்துக்கு அசையாது. ஆனால் வாலில் ஒன்று, துடைக்கும்போது பொட்டென்று போய்விட்டது. கை படாத, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற மாடலுக்கு இது உத்தமம். திருப்பூர் லைக்ரா முதல் இரண்டு வருஷம் பிரமாதம். ஜன்னல் பக்கம் இருந்த கேபிள் இப்போது மார்க்கர் மங்கி, மஞ்சள் பூத்து, இழுவையை இழந்து நிற்கிறது. மறுபக்கம் சுவரைப் பார்த்திருந்த கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெயில் படாத இடமாக இருந்தால் விலைக்கு இதைவிட நல்லது கிடையாது. ஒரு கோன் வாங்கினால் ஆயுசுக்கும் வரும்.

பராமரிப்பில் முக்கியமான விஷயம்: நம் வீட்டு அலமாரி என்றாலே அந்துருண்டை போடுகிற பழக்கம் உண்டு. மாடல் இருக்கும் அலமாரியில் போடவே கூடாது. அதிலிருந்து வரும் நாப்தலின் ஆவி, மாடலின் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பெயின்ட் பிசுபிசுக்கும், மெல்லிய தூண்கள் வளையும். அதற்குப் பதில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். தூசிக்கு கேமரா லென்ஸ் ஊதும் ரப்பர் ப்ளோயரும், மேக்கப் பிரஷ் ஒன்றும் போதும். பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷின் கம்ப்ரஸரைத் திருப்பி ஊதினால் கம்பியோடு சேர்ந்து இறக்கை அடியில் உள்ள சின்ன வட்டத் தட்டும் பறந்துவிடும். அந்தத் தட்டு வழியாகத்தான் அசல் விமானத்தில் எய்லரான், அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல், அசைகிறது. கீழ் இறக்கையில் மட்டுமே எய்லரான் உண்டு. சிலந்தி வலையைப் பொறுத்தவரை ஒன்றும் செய்வதற்கில்லை. இரண்டு இறக்கைக்கும் நடுவே அதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

மூன்று வருஷத்தில் முறிந்த பாகம் ஒன்றே ஒன்று, பின்னால் தரையில் ஊன்றும் சறுக்குக் கட்டை. இந்த விமானத்துக்கு வால் சக்கரம் கிடையாது, மாடலின் பின்பக்க எடை முழுக்க அந்தத் தீக்குச்சி அளவு பிளாஸ்டிக்கில் இறங்குகிறது. இப்போது 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி வைத்திருக்கிறேன். கட்டும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.

முதல் இரட்டை இறக்கை மாடலுக்கு இது பொருத்தமா என்று கேட்டால், ஆமாம். தூண்கள் பக்கத்துக்கு ஒரு ஜோடிதான், துப்பாக்கி இல்லை, கம்பிகளும் எண்ணிவிடக்கூடிய அளவுதான். ஸ்வோர்ட்ஃபிஷ் விமானம் போல பக்கத்துக்கு இரண்டு ஜோடித் தூண் உள்ளதில் ஆரம்பித்தால் பாதியில் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவீர்கள். 1/72 வாங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. விலையும் இடமும் மிச்சம்தான், இறக்கை 12.4 சென்டிமீட்டராகச் சுருங்கும். ஆனால் அந்த அளவில் ஈஸி லைனின் மெல்லிய ரகம்கூடக் கொஞ்சம் தடியாகத் தெரியும். அதற்குப் பிளாஸ்டிக் இழையும் கண்ணாடிப் பெட்டியும் என்று முடிவு செய்துகொண்டு வாங்குங்கள். என் மாடலின் இடது பக்க நைலானை இந்த மழைக்கு முன் வெட்டி எடுத்துவிட்டு எலாஸ்டிக் போடப் போகிறேன். சுக்கான் கேபிளுக்கு மறுபடியும் திருப்பூர் நூலேதான்.