ரோமாவா, ஐரிஷ்மேனா, ஆண்டிஸ் மலையா: தோட்டத்துக்காரன் பார்வையில் மூன்று நெட்ஃபிளிக்ஸ் படங்கள்

நெட்ஃபிளிக்ஸ் தன் பெயரில் வெளியிட்ட படங்களில் நல்லதாக ஒன்று சொல்லுங்கள் என்று எங்கள் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் கேட்டால், யாராவது ஒருவர் கட்டாயம் 'ரோமா'வைக் கைகாட்டுவார். "உங்க கதைதான், பாருங்க" என்பார். வீட்டு வேலைக்காரப் பெண்ணின் கதை என்பதால் அது நம்முடையதாம். இதில் எனக்குப் பாதிச் சம்மதம்தான். அமெரிக்க லொறிச் சாரதிகளின் சங்கம் வந்துபோகும் 'த ஐரிஷ்மேன்'தான் நமக்கு இன்னும் கிட்டத்தில் நிற்கிறது என்பது என் கட்சி. மூன்றாவதாக ஆண்டிஸ் மலை விமான விபத்தைச் சொல்லும் 'சொசைட்டி ஆஃப் த ஸ்னோ'. அதை விட்டுவிட்டால் மஸ்கெலியாப் பக்கத்து ஆட்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சங்கதி. இந்த 'ஒரிஜினல்' முத்திரையை அப்படியே நம்ப வேண்டாம். 'ரோமா'வை எடுத்தது வேறு கம்பெனி, நெட்ஃபிளிக்ஸ் 2018-இல் வாங்கி வெளியிட்டது. 'ஐரிஷ்மேன்' பழைய ஸ்டூடியோக்கள் செலவுக்குப் பயந்து கைவிட்ட படம், இவர்கள் பணம் போட்டு முடித்தார்கள். எப்படியோ, ஹட்டனிலோ பண்டாரவளையிலோ தியேட்டர் வாசலில் நின்று நாம் டிக்கெட் எடுத்திருக்கப் போகிற படங்கள் இல்லை இவை. போனுக்கு வந்ததால் பார்த்தோம்.

'ரோமா' 1970, 71-இல் மெக்சிகோ நகரத்து வசதியான வீடொன்றில் நடக்கிறது. இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன் தன்னை வளர்த்த பணிப்பெண்ணை மனதில் வைத்து எழுதி, கேமராவையும் தானே பிடித்த கறுப்பு வெள்ளைப் படம். அந்தப் பணிப்பெண் கிளியோவாக நடித்த யலிட்சா அபாரிசியோ அதற்கு முன் கேமரா முன்னால் நின்றவர் இல்லை. வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது, பிறகு மூன்று ஆஸ்கர். பின்னணி இசை கிடையாது. வானொலிப் பாட்டு, நாய்க் குரைப்பு, தெரு வியாபாரியின் கூவல், தண்ணீர்ச் சத்தம், அவ்வளவுதான். இங்கேதான் நமக்குச் சிக்கல். தகரக் கூரையில் மழை பெய்தால் இந்தப் படத்தில் பாதி போய்விடும். இயர்போன் இல்லாமல் தொடங்காதீர்கள்.

நுணுக்கத்தில் மற்ற இரண்டும் இதன் கிட்டே வராது. வீட்டுக்காரர்கள் டிவி பார்க்கும்போது கிளியோ பிள்ளைகளின் பக்கத்தில் தரையில் உட்காருவாள், ஒரு பையன் அவள் தோளில் கை போட்டிருப்பான். அந்த நிமிடத்துக்கு அவளும் குடும்பத்தில் ஒருத்தி. அடுத்த நிமிடம் ஐயாவுக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லி எழுப்பிவிடுவார்கள். இரவில் கரண்ட் எரித்தால் வீட்டுப் பாட்டிக்குப் பிடிக்காது என்று அவளும் கூட்டாளியும் மெழுகுதிரி வெளிச்சத்தில் இருப்பார்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன பாட்டியிடம் நர்ஸ் விவரம் கேட்பாள். வருடக்கணக்காக ஒரே வீட்டில் சமைத்துப் போட்டவளின் பிறந்த தேதி அந்த அம்மாளுக்குத் தெரியாது.

கொழும்பில் பல வருடம் வீட்டு வேலைக்கு நின்று திரும்பிய என் அத்தையோடு உட்கார்ந்து பார்த்தேன். ஆஸ்பத்திரிக் காட்சியில், "எங்க நோனாவுக்கும் எம்பேரு பாதிதான் தெரியும்" என்றார். கடற்கரைக் காட்சி வந்தது. நீச்சல் தெரியாத கிளியோ அலைக்குள் இறங்கிப் பிள்ளைகளை இழுத்து வருகிறாள், எல்லாரும் அவளைக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அத்தை கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஏன்டா தம்பி, அதுக்கப்புறம் சம்பளத்தக் கூட்டுனாங்களா?"

கூட்டவில்லை. வீட்டுக்கு வந்த கையோடு வாழைப்பழ ஜூஸ் கேட்கிறான் பையன். குவாரோன் அதை மறைக்கவில்லை, அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. ஆனாலும் இது அந்த வீட்டுப் பிள்ளை எடுத்த படம். கிளியோவை அது நேசிக்கிறது, அவள் முகத்தை விட்டு விலகாமல் இருக்கிறது. அவள் ஊரில் தாயின் காணி பறிபோகும் செய்தி மட்டும் ஒரு வாக்கியத்தில் வந்து போய்விடுகிறது. நாம் அந்த ஊரிலிருந்து பார்க்கிறவர்கள். அந்த வாக்கியத்துக்குள் இன்னொரு படம் இருப்பது நமக்குத் தெரிகிறது.

'ஐரிஷ்மேன்' வேறு வகை. மார்ட்டின் ஸ்கோர்செசி 2019-இல் கொடுத்தது, 209 நிமிடம். ராபர்ட் டி நீரோ கூலிக்குக் கொலை செய்கிற ஆள், அல் பாசினோ ஜிம்மி ஹோஃபா. ஹோஃபா நிஜ மனிதர். டீம்ஸ்டர்ஸ் என்ற மாபெரும் லொறிச் சாரதிகள் சங்கத்தின் தலைவராக இருந்து சிறைக்குப் போய், வெளியே வந்து, 1975 ஜூலையில் காணாமல் போனவர். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. கொன்றது தான்தான் என்று படத்தின் நாயகன் சொல்வதைப் பலர் ஏற்பதில்லை. அதனால் இதை வரலாறாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு கிழவனின் வாக்குமூலமாகப் பார்ப்பது உத்தமம்.

பத்துப் பிரிவில் ஆஸ்கருக்குப் போய் ஒன்றும் வாங்காமல் திரும்பிய படம் இது. டி நீரோவின் முகத்தைக் கணினியால் இளமையாக்கியிருக்கிறார்கள். கடைக்காரனை அவர் உதைக்கும்போது கால் எழுபது வயதுக் கால் என்பது பச்சையாகத் தெரியும். எங்கள் பக்கத்துப் பொடியன்கள் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரிக்கிறார்கள்.

இருந்தும் இதை முதலில் வைக்கிறேன். சம்பளத் துண்டில் மாதாமாதம் சங்கச் சந்தா கழிவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஹோஃபாவை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மேடையில் ஏறினால் கூட்டம் எழுந்து நிற்கிறது. அந்தச் சாரதிகளின் சம்பளத்தை உயர்த்தியவர் அவர்தான், அது பொய்யில்லை. அதே ஆள் உறுப்பினர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து லாஸ் வேகாஸ் சூதாட்ட ஹோட்டல்களுக்குக் கடன் போக வழி விடுகிறார். பதவி போன பிறகும் "என் சங்கம்" என்ற பேச்சை விடமாட்டார். கூட்டத்துக்குப் பிந்தி வந்தான் என்பதற்காக ஒருத்தனோடு சண்டைக்கே போகிறார், அதுவும் அவன் அரைக்கால் சட்டையில் வந்ததற்கும் சேர்த்து. நல்லவரா கெட்டவரா என்று படம் தீர்ப்பு எழுதுவதில்லை. நாமும் நம் தலைவர்களைப் பற்றி அப்படித்தானே பேசுகிறோம்? தோட்டத் தொழிலாளர்களின் 1,000 ரூபாய் நாட்சம்பளம் பல வருட இழுபறிக்குப் பிறகு 2021-இல் சம்பளச் சபை வழியாக வந்தபோது, அது யாரால் வந்தது என்று தோட்டத்துக்குத் தோட்டம் நடந்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. 'ரோமா' முடிந்ததும் அத்தை பேசாமல் எழுந்து போனார். 'ஐரிஷ்மேன்' முடிந்த பிறகு வாசலில் நடுச்சாமம் வரை பேச்சு, ஹோஃபாவில் தொடங்கி எங்கெங்கோ போனது.

குறை உண்டு, பெரிய குறை. மூன்றரை மணி நேரத்தில் லொறி ஓட்டிப் பிழைக்கிற ஒரு சாதாரண ஆளின் வீட்டுக்குள்ளே படம் போவதே இல்லை. பெண்களுக்கும் பேச்சு கிடையாது. நாயகனின் மகள் பெகி மட்டும் அதிகம் வாயைத் திறக்காமலே அப்பனைக் கூண்டில் ஏற்றிவிடுகிறாள்.

'சொசைட்டி ஆஃப் த ஸ்னோ' பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1972 ஒக்டோபரில் உருகுவேயிலிருந்து 45 பேரோடு போன விமானம் ஆண்டிஸ் மலையில் விழுந்தது. 72 நாளுக்குப் பிறகு 16 பேர் உயிரோடு மீண்டார்கள். ஹுவான் அந்தோனியோ பயோனா 2023-இல் எடுத்தார். செத்தவர்களை உண்டு பிழைத்த கதை என்று பயப்பட வேண்டாம், அதைக் கண்ணியமாகக் காட்டியிருக்கிறார். இறக்கும் ஒவ்வொருவரின் பெயரும் வயதும் திரையில் வருகிறது.

மஸ்கெலியாக்காரர்களுக்கு இது வேறு மாதிரிப் படும். 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றி வந்த மார்ட்டினேர் விமானம் கட்டுநாயக்கவில் இறங்க வேண்டியது, மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த மலையைத் தினமும் பார்க்கிறவர்கள், விமானம் பாறையில் மோதும் காட்சியை வெறும் கிராஃபிக்ஸ் என்று பார்க்க மாட்டார்கள். எனக்குள்ள ஆவலாதி வேறு. பிழைத்தவர்களில் உதவி தேடி நடந்தே வந்த இரண்டு பையன்களை ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பார்த்து உலகத்துக்குச் சேதி கொண்டுபோனவர் ஒரு மலை மேய்ப்பர். அவருக்குப் படம் ஒதுக்கிய நேரம் மிகக் கொஞ்சம்.

தமிழில் ஒன்று சொல்லேன் என்றால், நெட்ஃபிளிக்ஸில் நேரே வந்த 'ஜகமே தந்திரம்' இலங்கைத் தமிழ் அகதிகளைப் பற்றிப் பேசுகிறது, மலையகம் அதன் கணக்கில் இல்லை. தனுஷ் ரசிகர்கள் பார்க்கலாம்.

ஆகவே என் வரிசை: ஐரிஷ்மேன், ரோமா, பிறகு ஆண்டிஸ். ஆனால் வீட்டில் பெரியவர்கள் சிறியவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே இரவில் பார்ப்பதென்றால், வயிறு தாங்கும் என்றால், ஆண்டிஸ்தான் ஆளைக் கட்டிப்போடும். 'ரோமா'வைத் தனியாகப் பாருங்கள், இல்லாவிட்டால் வீட்டு வேலைக்குப் போய்வந்த ஒருவரோடு. 'ஐரிஷ்மேன்' ஒரே மூச்சில் முடியாது, விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகிறவர்களுக்கு நிச்சயம் முடியாது. சிக்னல் கிடைக்கிற இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு, ஹோஃபா சிறைக்குப் போகிற இடத்தில் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த இரவு பாருங்கள்.