'சாமி' 'தாமி' ஆகிவிட்டது: ஸ்டுடியோவில் குரல் பதிவு செய்யப் போகிறவர்கள் படியுங்கள்

அக்காவுக்கு 67 வயது. அம்மா பாடிய தாலாட்டும் நலுங்குப் பாட்டும் எங்கள் வீட்டில் இப்போது அவளுக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும். பேரப்பிள்ளைகளுக்கு இருக்கட்டும் என்று போன ஐப்பசியில் ஒரு ஸ்டுடியோவில் 11 பாட்டு பதிவு செய்தோம். மிக்ஸிங்கும் சேர்த்து 18,000 ரூபாய். மொத்தத்தையும் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள்.

முதல் நாளே ஹெட்போனில் ஒவ்வொரு 'ச'வும் ஊசியாகக் குத்தியது. நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்குக்கு அக்கா நேர் எதிரே, நாலு விரல் தூரத்தில் நின்று பாடியிருந்தாள். மைக்கைச் சற்றுச் சாய்த்து, கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருந்தாலே நிறையக் குறைந்திருக்கும். முன்னால் மாட்டியிருந்த வலைத்திரை (பாப் ஃபில்டர்) 'ப' வெடிப்பதைத்தான் தடுக்கும்; சீறலுக்கு அது உதவாது. கேட்டதற்கு, "டீ-எஸ்ஸர் போட்டா போயிடும் சார்" என்றார் இன்ஜினியர். சீறலைக் குறைக்கும் கருவி அது. நம்பினேன்.

மூன்று வாரம் கழித்துக் கொடுத்ததில் சீறல் இல்லை. 'சாமி' 'தாமி' ஆகியிருந்தது, 'ஆசை' 'ஆதை' ஆகியிருந்தது. என்ன இது என்று கேட்டால், "வயசானவங்க உச்சரிப்பு அப்படித்தான் சார் இருக்கும்" என்கிறார். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதை அவள் நம்பியும் விட்டாள். பணத்தைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

நடந்தது இதுதான். டீ-எஸ்ஸர் என்பது பெரும்பாலும் சீறல் இருக்கும் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் கவனித்துக்கொண்டே இருந்து, அங்கே ஒலி எகிறும் அந்தக் கணத்தில் மட்டும் அமுக்கும். பெரும்பாலும் 3 முதல் 6 டெசிபெல் அமுக்கினால் போதும். கண்மூடித்தனமாக அமுக்கினால் 'ச'வில் உள்ள காற்று போய், காதுக்கு 'த' போலக் கேட்கும். 'ஷ'வின் சீறல் இன்னும் கீழே, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்திலேயே தொடங்கிவிடும். 'ஸ'வுக்கு வைத்த அளவு அதற்குப் பொருந்தாது. இவர்கள் 11 பாட்டுக்கும் ஒரே செட்டிங் போட்டிருக்கிறார்கள். போதாததற்கு, ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் ஏற்றி இறக்கும் ஈக்வலைசரிலும் மேல் பகுதியை ஒட்டுமொத்தமாக இறக்கியதால் 'ஆ', 'ஈ' கூடப் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

சந்தேகத்தில் ஃபைல்களை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து, எந்தக் கிலோஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படமாக (ஸ்பெக்ட்ரோகிராம்) பார்த்தேன். எல்லாப் பாட்டிலும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டினாற்போல் வெறுமை. முதல் நாள் பென் டிரைவில் வாங்கி வந்த மூன்று பாட்டின் மூலப் பதிவில் 20-ஐத் தாண்டியும் ஒலி இருந்தது. சுருக்காத முழுத் தரத்தில் 24 பிட் வேவ் தருவதாகப் பேசிவிட்டு, மேல் ஒலிகளை வெட்டிச் சுருக்கிய எம்பி3-யை வேவாக மாற்றித் தந்திருக்கிறார்கள்.

மீதி மூலப் பதிவைக் கேட்டேன். முதலில் 6,000 ரூபாய் தனியாக என்றார்கள். மறுவாரம், இடமில்லாமல் அழித்துவிட்டோம் என்றார்கள். எட்டுப் பாட்டு போய்விட்டது. அமுக்கியதை ஈக்வலைசரில் தூக்கிப் பார்த்தேன். இரைச்சல்தான் ஏறியது, 'ச' திரும்பி வரவில்லை. தயவுசெய்து பதிவு முடிந்த அன்றே, படியிறங்குமுன் மூலப் பதிவைக் கையில் வாங்கிவிடுங்கள். ஒரு பாட்டை முடித்துக் கேட்கக் கொடுத்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

கையில் மூலப் பதிவு இருந்த அந்த மூன்று பாட்டையும் நானே ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் சரி செய்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் 'ச' வரும் இடம் அலைவடிவில் அடர்ந்த பஞ்சுபோலத் தெரியும். அந்தத் துண்டை மட்டும் வெட்டி 4, 5 டெசிபெல் இறக்க வேண்டும். ஒரு பாட்டில் மட்டும் 130-க்கு மேல் இடங்கள். இரண்டு இரவு பிடித்தது. ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரெஸர், குறைக்காமல் விட்ட சீறலை இன்னும் தூக்கிக் காட்டும் என்பதால் இதை முடித்த பிறகே அதைப் போட்டேன்.

அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். 'சாமி' வரும் அடியை மட்டும் மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னாள். மீதி எட்டையும் தை பிறந்ததும் வீட்டிலேயே பாடுகிறேன் என்றிருக்கிறாள். மைக் வாங்கியாயிற்று.