வீவக வீட்டுக்கு ஏற்ற முதல் டிரம் செட்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பிள்ளைக்கு மின்னணு டிரம் வாங்கும் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது ஓசைகளின் எண்ணிக்கையை அல்ல, தட்டும் பரப்பையே. மகளுக்காக நாங்கள் தேர்ந்தெடுத்த அலெசிஸ் நைட்ரோ மெஷ் செட்டில் வலைத்தோல் (மெஷ்) பூட்டிய 8 அங்குலப் பேடுகள், அதாவது தட்டும் வட்டுகள், இருப்பதால், ரப்பர் பேடுகளில் எழும் ‘டொக் டொக்’ சத்தம் வெகுவாகக் குறைகிறது. குச்சி இதமாகத் துள்ளித் திரும்புவதால் பிஞ்சு மணிக்கட்டும் நோவதில்லை. 385 ஓசைகளில் அவள் நாடுவது ஓரிரண்டையே.

ஹெட்ஃபோன் மாட்டினாலும் கால் பெடலின் அதிர்வு தரை வழியே கீழ்வீட்டுக்கு இறங்கும். எந்த மின்னணு டிரம்முக்கும் இது பொருந்துமாதலால், தடித்த ரப்பர் விரிப்பு கட்டாயம் வேண்டும். இருக்கையையும் ஹெட்ஃபோனையும் தனியே வாங்க வேண்டியிருக்கும். பிள்ளையையே கடைக்கு அழைத்துச் சென்று, உட்கார வைத்து, பாதம் பெடலில் முழுதாகப் பதிகிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.