எச்சரிக்கை: கன் ஷோவில் ஜிப்லாக் பையில் விற்கும் ரீலோட் தோட்டா பக்கம் போகாதீர்கள்

டெக்சாஸில் இருக்கும் நம்ம ஆட்களுக்காக எழுதுகிறேன். கிரீன் கார்டு கைக்கு வந்த கையோடு பிஸ்டல் வாங்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தன். (எச்1பி-யில் இருப்பவர்கள் அவசரப்படாதீர்கள். வேட்டை லைசென்ஸ் மாதிரி ஏதாவது விலக்கு இல்லாமல் தோட்டாவைக்கூட வைத்திருக்க முடியாது.)

2021 தொடக்கத்தில் தோட்டாவுக்கு அடிதடி நடந்தது ஞாபகம் இருக்கும். அதற்கு முன்பு பத்துப் பன்னிரண்டு டாலருக்குக் கிடைத்த 9 எம்எம் ஐம்பது ரவுண்ட் பெட்டி முப்பது, நாற்பது என்று போனது. அப்போதுதான் துப்பாக்கியும் தோட்டாவும் மேசை போட்டு விற்கும் ஒரு கன் ஷோவில் மூலை மேசைக்காரர் ஒருவர் கண்ணில் பட்டார். முருங்கைக்கீரையை ஆய்ந்து ஃபிரிட்ஜில் வைக்கும் அதே ஜிப்லாக் பைகள். ஒவ்வொன்றிலும் 250 ரவுண்ட், 75 டாலர். லேபிள் இல்லை, லாட் நம்பர் இல்லை. எல்லாம் ரீலோட், அதாவது ஏற்கெனவே சுட்ட பித்தளைக் கூட்டில் வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், குண்டு எல்லாம் புதிதாகப் போட்டது. “என் கொட்டகையில் என் கையாலேயே போட்டது, ஃபேக்டரி சரக்கைவிட சுத்தம்” என்றார் மனுஷன். பளபளவென்று இருந்த பித்தளையைப் பார்த்து மயங்கிவிட்டேன். சிவகாசிப் பட்டாசு வாங்கினாலும் எந்தக் கம்பெனி என்று திருப்பிப் பார்க்கிற ஆள் நான்.

சுடப் பழகும் ரேஞ்சில் முதல் மேகசின், அதாவது கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி, ஒழுங்காகப் போனது. இரண்டாவதில் ஒரு ரவுண்ட் ‘புஸ்’ என்றது. கை உதறவில்லை, சுட்டதும் பின்னால் போய்வரும் மேல்பாகமான ஸ்லைடு நகரவில்லை. இந்த இடத்தில்தான் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோவுக்கே உரிய கண்ணி இருக்கிறது. துப்பாக்கி சிக்கிக்கொண்டால் மேகசினைத் தட்டு, ஸ்லைடை இழு, மறுபடி சுடு என்றுதான் வகுப்பில் பழக்குகிறார்கள். என் கையும் தானாக ஸ்லைடுக்குப் போனது. பின்னால் நின்ற ரேஞ்ச் ஆபீசர் போட்ட கத்தலில் அப்படியே நின்றுவிட்டேன். அவர் குண்டு போகும் குழலான பேரலைக் கழற்றிப் பித்தளைக் கம்பியை விட்டார். ஓர் அங்குலம் உள்ளே குண்டு சப்பென்று உட்கார்ந்திருந்தது. மருந்தே போடாத தோட்டா. பிரைமர் கொடுத்த உந்தலில் குண்டு அதுவரை போய் நின்றுவிட்டது. அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டிருந்தால் பேரல் உப்பியோ பிளந்தோ போயிருக்கும். வெடிக்காத வெடிக்குப் பக்கத்தில் போகாதே என்று சின்ன வயதில் அம்மா சொன்னதுதான். இங்கே வெடி கைக்குள் இருக்கிறது.

“இந்தப் பையை இனிமேல் இங்கே கொண்டு வராதே” என்றார் ஆபீசர். நான் என்ன செய்தேன்? இருநூற்றுச் சொச்சம் ரவுண்டைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. அடுத்த வாரம் ஆபீஸ் நண்பரின் பண்ணைக்கு எடுத்துப் போனேன். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம், வீட்டில் ஏற்கெனவே நிறைய வாங்கியாயிற்று.

இருபதாவது ரவுண்டோ முப்பதாவதோ, எண்ணவில்லை. சத்தம் வேறு மாதிரி இருந்தது. உள்ளங்கையில் யாரோ பிரம்பால் விளாசிய மாதிரி எரிச்சல். மேகசின் தானாகக் கழன்று காலடியில் கிடந்தது. கைப்பிடி விரிந்து கீறல் விட்டிருந்தது. கூட்டைப் பிடித்து வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் இருந்த இடத்தில் வெறும் பள்ளம். பாதுகாப்புக் கண்ணாடி முழுக்கக் கரும்புள்ளி. அதைக் கழற்றிப் பார்த்தபோதுதான் கால் நடுங்கியது.

டல்லாஸ் பக்கம் தூத்துக்குடிக்காரர் ஒருவர் இருக்கிறார், அண்ணாச்சி என்போம். பதினைந்து வருஷமாக கராஜில் சொந்தமாக ரீலோட் செய்கிறவர். மிச்சப் பையை அவரிடம் கொண்டுபோனேன். சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவிக்குள் தோட்டாவைச் செருகித் தரையில் ஓங்கித் தட்டினார். குண்டு கழன்று மருந்து கொட்டியது. அதைத் தராசில் வைத்தார். இந்த அளவையெல்லாம் கிரெயினில்தான் சொல்வார்கள், ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். பெரும்பாலானவை நான்கிலிருந்து ஐந்துக்குள். பதினேழாவதோ என்னவோ, தட்டில் 8.9 காட்டியது. மறுபடி நிறுத்தார், அதே 8.9. அறுபது உடைத்ததில் இரண்டில் மருந்தே இல்லை.

“கைப்பிடிய ரெண்டு தடவ இழுத்துருக்கான், தட்டத் திருப்ப மறந்துட்டான்” என்றார் அண்ணாச்சி. வரிசையாகக் கூடுகள் சுற்றிவரும் பிரஸ்ஸில் நடுவில் ஏதாவது சிக்கினால் ஒரு கூட்டுக்கு மருந்து இரட்டையாக விழும், இன்னொன்று காலியாகப் போய்விடும். பிஸ்டலுக்கான வேகமான மருந்து கூட்டில் பாதிகூட நிரம்பாது. அதனால் இரட்டை விழுந்தாலும் வழியாது, மேலே குண்டை அழுத்திவிட்டால் வெளியிலிருந்து தெரியவே தெரியாது. சில தோட்டாக்களில் கட்டைவிரலால் அழுத்தினாலே குண்டு உள்ளே போனது. மேகசினிலிருந்து ஏறும்போது சரிவில் முட்டி அதுவே நடக்கும். உள்ளே இடம் சுருங்கினால் அழுத்தம் எகிறிவிடும். கார் டயரில் 35 பிஎஸ்ஐ காற்று அடிக்கிறோம், 9 எம்எம் தோட்டாவுக்கு அனுமதித்த உச்சமே 35,000. இரட்டை மருந்துக்கு அது எங்கே போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ரிவால்வரில் கூடு முழுக்க இரும்புக்குள் இருக்கும். செமி ஆட்டோவில் தோட்டா ஏறும் சரிவுப் பக்கம் கூட்டின் அடிப்பாகம் கொஞ்சம் தாங்கலில்லாமல் நிற்கும். கிழிந்தால் அங்கேதான் கிழியும், அங்கிருந்து மேகசின் வழியாக வாயு நேரே கைக்கு இறங்கும்.

ரீலோட்டே கூடாது என்று சொல்லவில்லை. அண்ணாச்சி தன் சரக்கைத்தான் வாரா வாரம் சுடுகிறார். பத்து ரவுண்ட் கேட்டேன், கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். “ஏல, ஊர்பேர் தெரியாதவன் கையால சோறு வேணும்னா தின்னு, அவன் போட்ட ரவுண்ட சுடாத. என்னதும் ஒனக்கு வேண்டாம்.”

பிஸ்டல் கம்பெனிக்கு எழுதினேன். ரீலோட் என்றதுமே வாரண்டி கிடையாது என்று பதில் வந்தது. கையேட்டிலேயே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. கிளாக் பிஸ்டல் கையேடும் இதையேதான் சொல்கிறது, உங்களுடையதை எடுத்துப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்து அதே ஷோவில் அந்த மேசைக்காரரைப் பிடித்தேன். உடைந்த கூட்டைக் காட்டியதும் “உன் துப்பாக்கி சரியில்லை” என்றார். 8.9 கணக்கைச் சொன்னதும் பேச்சு மாறியது. “நான் எங்கே ரீலோட் பண்ணினேன்? ஒருத்தரிடம் மொத்தமாக வாங்கி விற்கிறேன்.” யாரிடம் என்றால் தோளைக் குலுக்குகிறார். தனக்காக ரீலோட் செய்ய லைசென்ஸ் வேண்டாம். விற்பதையே தொழிலாகச் செய்ய மத்திய அரசின் உற்பத்தி லைசென்ஸ் வேண்டும், வகை 06. காட்டச் சொன்னேன், பக்கத்து மேசைக்காரரிடம் வானிலை பேச ஆரம்பித்துவிட்டார். ஒரு டாலர் திரும்பவில்லை.

போன மாதம் அந்த ஷோவுக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் சொன்னார், மேசை இன்னும் அதே மூலையில்தான் இருக்கிறதாம், நீலத் தார்ப்பாய் விரித்து. பைகளில் இப்போதும் லேபிள் இல்லை. விலை மட்டும் 80 ஆகிவிட்டதாம்.