வலி இல்லாமல் பல் டாக்டரிடம் போன கதை

பாளையங்கோட்டையில் அந்த க்ளினிக்கின் முன் மேஜையில் இருந்த பொண்ணு, நீள நோட்டைத் திறந்து பெயர், வயசு, போன் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டே வந்தவள், கடைசிக் கட்டத்தில் பேனாவை நிறுத்தினாள்.

"பிள்ளைக்கு எந்தப் பல்லு வலிக்கு?"

"வலி ஒண்ணும் இல்லம்மா. சும்மா ஒருதடவை பாத்துட்டு, கிளீன் பண்ணிட்டுப் போலாம்னு வந்தோம்."

"சும்மாவா?"

என்னைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட அவளுக்கு மனசு வரவில்லை. 'வலி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுக்கொண்டாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? நானும் இதே ஊரில் வளர்ந்தவள்தான். எங்கள் வீட்டில் பல் டாக்டர் என்றால் கடைசிப் படி. முதலில் கிராம்பு, அப்புறம் உப்புத் தண்ணீர், அப்புறம் கன்னம் வீங்கி இரண்டு ராத்திரி தூக்கம் போகும், மூன்றாம் நாள் அப்பா சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவார். கோபால் பல்பொடியில் தேய்த்தது பாதி, தின்றது பாதி. வலிக்காத பல்லைக் காட்ட டாக்டரிடம் போவது, கிழியாத சட்டையைத் தைக்கக் கொடுப்பது மாதிரி.

இப்போது நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், ரெடிங் பக்கம். பெரியவனுக்கு 9 வயசு, சின்னவளுக்கு 6. அங்கே 18 வயசு வரை பிள்ளைகளுக்கு என்.எச்.எஸ். என்கிற அரசு மருத்துவ சேவையில் பல் வைத்தியம் இலவசம். பிள்ளைகளை அதிகபட்சம் 12 மாசத்துக்கு ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது வழிகாட்டு விதி. விதியெல்லாம் சரி, இடம் கிடைக்க வேண்டுமே! நாங்கள் வழக்கமாகப் போன இடம் தனியாருக்கு மாறிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் போன் போட்ட இடத்தில் எல்லாம் "காத்திருப்போர் பட்டியலில் போடுகிறோம்" என்ற ஒரே பாட்டு. 2024 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரில் செயின்ட் பால்ஸ் பகுதியில் ஒரு என்.எச்.எஸ். பல் மருத்துவமனை திறந்தபோது நூற்றுக்கணக்கான பேர் தெருவில் வரிசை கட்ட, போலீஸ் வந்து கூட்டத்தைச் சமாளித்தது செய்தியிலேயே வந்தது. தனியாரில் விசாரித்தேன். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொன்ன தொகையைக் கேட்டதும், "ஊருக்குத்தானே போறோம்" என்று வீட்டுக்காரர் முடித்துவிட்டார்.

ஆக, ஆடி மாசம், குற்றாலத்தில் சாரல் விழுகிற நேரத்தில் வந்து இறங்கினோம். நான் செய்த முதல் தப்பு, வீட்டுக்குப் பக்கத்தில் எந்தப் போர்டு பெரிசாகத் தெரிந்ததோ அங்கே போனது. பெயர் வேண்டாம். ஏ.சி., கண்ணாடிக் கதவு, தொட்டியில் மீன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி "எந்த நாடு?", இரண்டாவது "ஃப்ளைட் எப்போ?". அப்புறம்தான் பெரியவனின் வாயைத் திறக்கச் சொன்னார். ஐந்து நிமிஷம்கூட இருக்காது. ஆறு பல் சொத்தை, அதில் இரண்டுக்கு ரூட் கெனால், மேலே கேப், மொத்தம் 28,000 ரூபாய், "ஊருக்குப் போறதுக்குள்ள முடிச்சிரலாம்". எக்ஸ்ரே? எடுக்கவில்லை. கேட்டதற்கு, "கண்ணுக்கே தெரியுதே மேடம்" என்றார். எனக்குத் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். பையன் ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அண்ணன்தான் விசாரித்துச் சொன்னான், பிள்ளைகளுக்கென்றே படித்த பல் டாக்டர்கள் தனியாக இருக்கிறார்கள் என்று. பி.டி.எஸ். முடித்து மேலே மூன்று வருஷம் எம்.டி.எஸ்., அதில் குழந்தைகள் பிரிவு. போர்டில் 'பீடோடோன்டிஸ்ட்' என்று இருக்கும். நம்ம ஊர்ப் பக்கம் இவர்கள் ஒரே இடத்தில் நாள் முழுக்க உட்காருவது குறைவு. பல க்ளினிக்குகளுக்கு முறை வைத்து வந்து போவார்கள். நாங்கள் போன இடத்தில் செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் மட்டும். அதனால் கதவைத் தட்டிக்கொண்டு போகாமல், "பிள்ளைகளைப் பாக்குற டாக்டர் என்னைக்கு வருவாங்க?" என்று போனில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. அப்படிப் போன இடத்தில்தான் அந்தக் கேள்விக்குறி.

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கலாம். பெரியவன் முந்தின அனுபவத்தில் நாற்காலியில் ஏறவே மறுத்தான். அவர் வற்புறுத்தவில்லை. சுழல்கிற ரப்பர் கிண்ணத்தை முதலில் தன் நகத்தில் வைத்துக் காட்டினார், அப்புறம் அவன் நகத்தில். "கூச்சமா இருக்கா?" "இல்ல, கிச்சுக்கிச்சு." அதற்கப்புறம்தான் பல். சொல்லி, காட்டி, பிறகு செய்வது. பிள்ளைகள் பல் வைத்தியத்தில் இது பழைய பாடமாம். கருவிகளை உறை போட்டபடியே கொண்டுவந்து எங்கள் முன்னால் கிழித்துத் திறந்தார்கள். இதையும் கவனியுங்கள், திறக்கவில்லையென்றால் தயங்காமல் கேளுங்கள்.

பிறகு பல்லில் ஒரு சாயத்தைத் தடவிக் கொப்பளிக்கச் சொன்னார். கண்ணாடியைக் கொடுத்தார். பையனின் கீழ்ப்பல் வரிசை ஈறோரம் முழுக்க ஊதா. காலையில் இரண்டு நிமிஷம் தேய்த்தேன் என்று சத்தியம் செய்தவன் வாயை மூடிக்கொண்டான். அழுக்கு எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் சாயம் பிடிக்கும், அவ்வளவுதான் சங்கதி. நான் மூன்று வருஷமாகக் கத்தியது அந்த ஊதாக் கோட்டில் முடிந்துபோனது. இப்போது அவனே ஈறோரம் பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடிக்கிறான்.

முதல் இடத்தில் சொன்ன ஆறு சொத்தையில் நாலு, சொத்தையே இல்லை. ஈறை ஒட்டிக் கறுப்பாக மெல்லிய கோடு சில பிள்ளைகளுக்கு வரும். வாயில் இருக்கிற ஒருவகைக் கிருமியால் ஏற்படும் கறை அது. பார்க்கப் பயமாக இருக்கும், பல்லை அரிக்காது. பாலிஷ் போட்டால் போய்விடும், சில மாசத்தில் திரும்பவும் வரும். ஆச்சி அதை இரும்புச் சத்து டானிக் தலையில் கட்டியிருந்தாள்.

அதற்காக முதல் டாக்டர் சொன்னது முழுக்கப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். சின்ன எக்ஸ்ரே எடுத்துத் திரையில் பெரிசாக்கிக் காட்டினார்கள், அதற்கு 'ஆர்.வி.ஜி.' என்று பெயர். இடது கீழ்க் கடைவாய்ப் பால்பல்லில், இரண்டு பல் உரசுகிற இடுக்கில் ஒரு கறுத்த நிழல். நரம்பு வரை போகவில்லை, ரூட் கெனால் தேவையில்லை, அடைத்தால் போதும். இன்னொன்றில் ஆரம்பம் மட்டும், பொறுத்துப் பார்க்கலாம் என்றார். "விழப்போற பல்லுதானே, அதுக்கு எதுக்குச் செலவு?" என்று ஆச்சி கேட்டதையே நானும் கேட்டேன். முன்பல் என்றால் சரி, பால் கடைவாய்ப்பல் பத்து பன்னிரண்டு வயசு வரை வாயில் இருக்க வேண்டியது, முன்னாலேயே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து, பின்னால் வருகிற பல்லுக்கு இடம் இல்லாமல் போகும் என்றார். அன்றைக்கே அடைத்தாயிற்று.

கிளீனிங் என்றதும் கூர்க்கருவி வைத்துச் சுரண்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாதாம். ரப்பர் கிண்ணத்தில் பசை வைத்துச் சுற்றுவதே போதும். கல்லாக இறுகிய காறை பையனுக்குக் கீழ் முன்பல்லின் உள்பக்கம் கொஞ்சம் இருந்தது, அதை மட்டும் எடுத்தார். "கிளீன் பண்ணினா பல் ஆடும்" என்று ஊரில் சொல்வார்கள் அல்லவா? காறை அடைத்துக்கொண்டிருந்த இடம் காலியானதும் இடுக்கு தெரிகிறது, அதைத்தான் கிளீனிங் தலையில் போடுகிறோம்.

சின்னவள் விஷயத்தில் எனக்குத்தான் வெட்கம். கீழே கடைசியில் புதுசாக ஒரு பல் பாதி முளைத்திருந்தது. பால்பல் எதுவும் விழாமல் வந்ததால் அதுவும் பால்பல்தான் என்று விட்டுவிட்டேன். ஆறு வயசுவாக்கில் எல்லாப் பால்பல்லுக்கும் பின்னால் சத்தமில்லாமல் வருவது நிரந்தரக் கடைவாய்ப்பல். சாகும்வரை வேலை செய்ய வேண்டியது, முதலில் சொத்தையாவதும் பெரும்பாலும் அதுதான். அதன் மேல்பரப்பில் பள்ளமும் கோடுமாக இருக்கும், பிரஷ் முடி உள்ளே போகாது. அந்தப் பள்ளத்தை மெல்லிய பிசினால் மூடிவிடுவதற்கு 'சீலன்ட்' என்று பெயர். பெரியவனுக்கு நாலு பல்லுக்கும் போட்டார்கள். நீலக் கலரில் ஒரு அமிலப் பசை, கழுவிக் காயவைத்து, பிசினை ஊற்றி, நீல வெளிச்சம் காட்டினால் இறுகிவிடுகிறது. ஊசி இல்லை. "புளிக்குது" என்பதுதான் அவன் சொன்ன ஒரே புகார். சின்னவளுக்கு ஈறு இன்னும் பல்லின் பாதியை மூடியிருக்கிறது, ஈரத்தில் பிசின் ஒட்டாது, அடுத்த தடவை பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். செய்யாமல் விட்டதையும் காரணத்தோடு சொன்ன இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

சொத்தை வராமல் இருக்கப் பல் மேல் தடவுகிற ஃபுளோரைடு வார்னிஷ்தான் வீட்டில் பஞ்சாயத்தானது. மதினி தருமபுரிப் பக்கம். அந்த மாவட்டத்து நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், அதைக் குடித்து வளர்ந்ததில் அவள் பல்லில் காவித் திட்டு உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததற்கே அந்த ஃபுளோரைடு தண்ணீர்தான் காரணம். "ஃபுளோரைடா? பிள்ளைங்க வாயில அதையா தடவறாங்க?" என்று பதறிவிட்டாள். அவள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி போனபோது டாக்டரம்மாவிடமே கேட்டேன். பல் ஈறுக்குள் உருவாகிற வயசில் வருஷக்கணக்காக வயிற்றுக்குள் போவதுதான் திட்டு வரக் காரணம். இது மேலே ஒரு துளி தடவி, பல்லோடு ஒட்டி, எனாமலைக் கெட்டிப்படுத்துவது. இங்கிலாந்திலும் 3 வயசிலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை இதைப் போடச் சொல்கிறார்கள். அன்றைக்குப் பல் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும், சூடாகவோ கடினமாகவோ தின்னக் கூடாது, ராத்திரி பல் தேய்க்க வேண்டாம் என்றதும் சின்னவளுக்கு ஒரே கொண்டாட்டம்.

பேஸ்ட் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டு டியூபில் ஃபுளோரைடு 1450 பி.பி.எம். என்று போட்டிருக்கும், பத்து லட்சத்தில் அத்தனை பங்கு என்று அர்த்தம். இந்தியாவில் விற்கிற பேஸ்டில் 1000-க்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். இரண்டு வாரப் பயணத்தில் எதுவானாலும் பரவாயில்லை, பட்டாணி அளவுக்கு மேல் பிதுக்காமல், விழுங்காமல் துப்பினால் சரி.

அல்வாவைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரே ஆரம்பித்தார். திருநெல்வேலிக்கு வந்துவிட்டு அல்வா தின்னாதே என்று சொல்ல அவருக்கும் வாய் வராதே! எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் முக்கியமாம். இனிப்பு வாய்க்குள் போகிற ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரத்துக்குப் பல் புளிப்பில் ஊறும், அப்புறம் எச்சில் வந்து சரிக்கட்டும். சாப்பாட்டோடு கால் கிலோவை ஒரே மூச்சில் தின்பவன் தப்பித்தான், கருப்பட்டி மிட்டாயை டவுசர் பையில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க ஒவ்வொன்றாகக் கடிக்கிறவன் மாட்டினான். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டாம் ரகம். மிட்டாயைச் சப்ளை செய்வது ஆச்சி.

பில்: ஆளுக்குப் பார்க்க 300, கிளீனிங் 1,000, வார்னிஷ் 1,200. பெரியவனுக்கு எக்ஸ்ரே 300, அடைத்ததற்கு 1,200, சீலன்ட் நாலுக்கு 3,200. எல்லாம் சேர்த்து 9,700 ரூபாய். முதல் இடத்தில் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், அதுவும் இரண்டு பிள்ளைகளுக்கு. கார்டு மிஷின் "சர்வர் டவுன்". என் போனில் ஜிபே கிடையாது. அண்ணன் ஸ்கேன் பண்ணினான், நான் வீட்டுக்கு வந்து ரொக்கமாகக் கொடுத்தேன், அவன் வாங்க மறுத்தான், மதினி வாங்கிக்கொண்டாள்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது: வந்த முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். அடைத்த பல் உறுத்தினாலோ உயரமாகத் தட்டினாலோ திரும்பிப் போய்ச் சரிசெய்ய நாள் வேண்டும். எங்களுக்கே நாலாம் நாள் போய்க் கொஞ்சம் தேய்க்க வேண்டியிருந்தது, அதற்குக் காசு வாங்கவில்லை. எக்ஸ்ரே படத்தையும், எந்தப் பல்லில் என்ன செய்தார்கள் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் சீட்டில் '75' என்று இருந்தது. அக்டோபரில் ஒருவழியாக ரெடிங்கில் இடம் கிடைத்துப் போனபோது, அங்கிருந்த டாக்டர் அதைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, "ஓ, கீழ் இடது ஈ" என்றார். ஒரே பல்தான், இங்கே நம்பர், அங்கே எழுத்து. வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, அடைத்தது நன்றாக இருக்கிறது, சீலன்ட் நாலும் உட்கார்ந்திருக்கிறது என்றார். சின்னவளின் புதுப் பல் முழுசாக வெளியே வந்துவிட்டது, அதற்கு அங்கேயே போட்டுவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் மதினி போன் பண்ணினாள். அவளும் மகளைக் கூட்டிக்கொண்டு அதே க்ளினிக்குக்குப் போய் வந்திருக்கிறாள். முன் மேஜையில் அதே பொண்ணு, அதே நோட்டு, அதே கேள்வி.

"வலி இல்லைன்னு சொன்னேன்" என்றாள் மதினி. "இந்தத் தடவை முழிக்கவே இல்ல. கட்டத்துல 'சும்மா'ன்னு எழுதிக்கிட்டா."